முள்ளங்கி மறுத்த மகரந்தம்

செவ்வாய், தெற்கு நிலையம்
பதிவு: மெர்சலின், தாவர மரபியல்

நாள் 412, காலை 9.10
செடிக்கூடத்தின் வெப்பம் 19 டிகிரி. வடக்கு நிலையத்திலிருந்து ஆளில்லா வண்டி வந்து சேர்ந்தது. 140 கிலோமீட்டர், இரண்டு நாள். மகரந்தக் குப்பி ஒன்று. முப்பத்தாறு பூக்களில் தடவினேன்.

பின்னால் படிப்பவருக்கு: பூஞ்சணம் தாக்கியபோது இங்கே ஒரே ஒரு முள்ளங்கிதான் பிழைத்தது. இப்போதுள்ள அறுபதும் அதன் நகல்கள். முதன்முறையாகப் பூத்திருக்கின்றன. முள்ளங்கி தன் மகரந்தத்தை அடையாளம் கண்டு தள்ளிவிடும். நகலுடையதும் அதற்குத் தன்னுடையதே. விதை கட்ட வேறு குடும்பத்து மகரந்தம் வேண்டும். அது வடக்கில் ஆவுடையப்பன் அண்ணாச்சியிடம் இருக்கிறது. போன வாரம் என்னுடையதை அவருக்கு அனுப்பினேன். நிலையத்துக்கு ஒருவராக நாங்கள் இருவர்தான். கப்பல் வரும்வரை விதையைக் காப்பது எங்கள் வேலை.

வடக்கு, வானொலி: “குப்பி வந்துட்டா தாயி? பூவெல்லாம் நல்லா விரிஞ்சிருக்கா?”

நாள் 421, காலை 8.00
ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தேன். சூல்முடியில் மகரந்தம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. செத்ததோ என்று சர்க்கரைக் கரைசலில் இட்டேன். ஒரு மணி நேரத்தில் முளைத்துக் குழாய் விட்டது. உயிர் இருக்கிறது. செடிதான் வேண்டாம் என்கிறது.

வடக்கு: “குளிரு பட்டிருக்கும்லா. அடுத்த தடவ நல்லா பொதிஞ்சு அனுப்புதேன்.”

நாள் 433, மாலை 5.30
இரண்டாம் குப்பி. அதையும் தள்ளிவிட்டது.

நாள் 434, பகல் 2.40
குப்பி மகரந்தத்தின் மரபணுவை என் செடியினுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓரிடம் பொருந்தினால் தற்செயல் எனலாம். பார்த்த இருநூறு இடங்களும் பொருந்துகின்றன. குப்பியில் இருப்பது நான் அனுப்பிய மகரந்தம்.

செடிக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

கேட்டுவிட்டேன்.

வடக்கு: “எஞ்செடியெல்லாம் கருகி ஒரு மாசம் ஆச்சு தாயி. ஹீட்டர் போயிட்டு. வண்டி வெறுங்கையா வந்தா நீ பயந்துருவேல்லா. அதான் நீ அனுப்புனதையே குப்பி மாத்தி அனுப்புனேன். கோவிச்சுக்கிடாத.”

நான்: “அண்ணாச்சி, உங்களுக்குக் குளிரலையா?”

வடக்கு: “ஒத்த ரூம்ல இருக்கேன். பாத்துக்கிடலாம்.”

வண்டி இருபது கிலோதான் சுமக்கும். ஆளை ஏற்ற முடியாது. என் இரண்டு ஹீட்டர்களில் ஒன்றைக் கழற்றி அனுப்பினேன்.

நாள் 436, காலை 7.15
88ஆவது கிலோமீட்டரில் வண்டி புழுதியில் புதைந்து நின்றுவிட்டது. எந்தக் கட்டளைக்கும் அசையவில்லை. வண்டி எங்கே என்று அவராகவே கேட்டார். சொன்னதும் சிரித்தார்.

வடக்கு: “அது கெடக்கட்டும். நீ மொட்டப் பிரிச்சு அதுலேயே தடவிப் பாரு. அதுக்குப் புத்தி வாரதுக்கு முன்னால.”

நாள் 440, காலை 10.20
சரிதான். மொட்டில் அந்தத் தடை இன்னும் உருவாகியிருக்காது. இடுக்கியால் பிரித்து, அதே செடியின் மகரந்தத்தை வைத்தேன்.

நாள் 451, மாலை 6.05
காய் திரள்கிறது.

வடக்கு: “வெத வந்தா சொல்லு, என்னா?”

அதன்பின் வடக்கிலிருந்து குரலே வரவில்லை.

நாள் 506, காலை 8.30
நாற்பத்து நான்கு முளைத்தன. முப்பத்து மூன்று பச்சை. பதினொன்று சுத்த வெள்ளை. தாய்ச்செடி உள்ளே மறைத்து வைத்திருந்த குறை, தன்னோடு தானே சேர்ந்ததும் இரட்டித்து வெளியே வந்துவிட்டது. விதையிலுள்ள உணவு தீர்ந்ததும் வெள்ளைகள் சாகும். பிடுங்க மனம் வரவில்லை. வானொலியில் அவருக்குச் சொன்னேன்.

நாள் 589, பகல் 11.45
முப்பத்து மூன்றில் ஒரு செடியை நான் தொடவேயில்லை. அதுவாகவே காய்த்திருக்கிறது. தன்னை அடையாளம் காணும் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. தன்னைத் தனக்குத் தெரியவில்லை. இதழ் சிறுத்து, மணமற்று, கிளை நிறையக் காய்களோடு நிற்கிறது. இதற்கு இனி வடக்கும் வேண்டாம், நானும் வேண்டாம்.

விதை காப்பாற்றப்பட்டது. மகிழ்ந்திருக்க வேண்டும்.

நாள் 597, காலை 9.00
வடக்கு: “காய் பிடிச்சிட்டா தாயி? நாஞ் சொன்னேம்லா.”

146 நாட்களுக்குப் பிறகு. அழுதேன். மதியம்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

நாள் 598, காலை 9.00
ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன். வடக்கு அலைவரிசையில் இரைச்சல்கூட இல்லை. கேள்வியும் பதிலும் இந்த அறையின் மைக்கில் பதிவாகியிருக்கின்றன.

இரண்டும் என் குரல்.

நாள் 603
வடக்கு: “சாப்ட்டியா தாயி?”

சாப்பிட்டேன் அண்ணாச்சி.