ரெண்டாவது விசில்

ஊசிமேடு,
8-12-71

அன்புள்ள அக்காவுக்கு,

வேலுத்தாய் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அய்யா, அம்மா, தங்கச்சி பெத்தம்மா, நேற்று கன்று போட்ட பசு எல்லாரும் நலம். உன் பாளையங்கோட்டை விடுதிச் சாம்பாரில் இந்த வாரமாவது பருப்பு அகப்பட்டதா?

தையில் எனக்கு அத்தானாக வரப்போகிற தங்கச்சாமி வாத்தியாரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னாய். ஒரு வாரமாக யோசிக்கிறேன். தலையை நன்றாகப் படிய வாருகிறார். மற்ற மூன்று வரி கிடைத்ததும் எழுதுகிறேன்.

பாகிஸ்தான் சண்டை ஆரம்பித்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் அவர் 'போர்க்கால வாழ்க்கை' நடத்துகிறார். எனக்குத் தெரிந்த போர் வைக்கோல்போர் ஒன்றுதான். இவருடையது பிள்ளைகள் கையால் செய்து படிக்கிற போராம். முதல் பாடம் இருட்டடிப்பு. நம் ஊரில் தெருவிளக்கு இரண்டு, அதில் ஒன்று எரியாது. எரிகிறதையும் அணைக்கச் சொல்லிவிட்டு, "ஏலே, இனி எதிரி விமானத்துக்கு ஊசிமேடு தெரியாது" என்றாராம். கடம்பூர் பஸ் டிரைவருக்கே தெரியாத ஊர், அக்கா.

அடுத்தது விசில் பாடம். ஒரு விசில் ஊதினால் இருந்த இடத்திலேயே குப்புறப் படுத்துக் காதைப் பொத்த வேண்டும். ரெண்டாவது விசில் வருகிறவரை தலை தூக்கக் கூடாது. தூக்கினால் பிரம்பு.

இப்போது பதுங்குகுழி வெட்டுகிறார்கள். எங்கே தெரியுமா? பள்ளிக்கூடத்தில் இல்லை, அவருடைய பருத்திக்காட்டு ஓரத்தில். குண்டு விழுந்தால் பிள்ளைகள் அவ்வளவு தூரம் ஓடிச் சேருவதற்குள் குண்டு துருப்பிடித்துவிடும். ஆனால் கரிசலில் தேங்கி நின்ற மழைத்தண்ணீர் எல்லாம் குழி வழியாக அழகாக வடிந்துவிட்டது. பருத்தி பிழைத்தது. பெத்தம்மாவுக்கு உள்ளங்கையில் கொப்புளம்.

இப்படிக்கு,
போர்முனைச் செய்தியாளர் வேலுத்தாய்

பாளையங்கோட்டை,
13-12-71

அன்புத் தங்கை வேலுவுக்கு,

அக்கா ஆசியுடன் எழுதுவது. உன் கடிதத்தை அறைத்தோழி சத்தியபாமாவும் படித்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லாரையும் நையாண்டி செய்கிற வயது உனக்கு. எனக்கு இருபத்தாறு. முதலில் வந்த மாப்பிள்ளை படிப்பை நிறுத்தச் சொன்னார். அடுத்து வந்தவரின் அம்மா வேலைக்குப் போகிற மருமகளே வேண்டாம் என்றாள். "நீ வேலைக்குப் போகணும், அதுதான் எனக்கு வேணும்" என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். இதுவும் தட்டிப்போனால் அய்யா என்னைப் படிப்பை முடிக்க விடமாட்டார். அது உனக்குத் தெரியும்.

செய்து கற்கும் முறையைத்தான் எங்களுக்கும் இங்கே ஆசிரியப் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். குழி எங்கே வெட்டினால் என்ன, பிள்ளைகள் வெட்டக் கற்றுக்கொள்கிறார்கள். பெத்தம்மா கைக்குத் தேங்காயெண்ணெய் தடவு.

அன்புடன்,
அக்கா செண்பகவல்லி

ஊசிமேடு,
24-12-71

அன்பும் பொறுமையும் உள்ள அக்காவுக்கு,

தேங்காயெண்ணெய் தடவினேன். பதுங்குகுழிக்குப் பதுக்குகுழி என்று பேர் வைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்து எட்டு நாளாகிறது. ரேடியோவில் சொன்னார்கள், டீக்கடையில் மிட்டாய் கொடுத்தார்கள். ஊசிமேட்டில் மட்டும் சண்டை நிற்கவில்லை. அரைப்பரீட்சை லீவிலும் போர்க்கால வகுப்பு உண்டு. "ஏட்டி, சண்டைதான் முடிஞ்சு போச்சே, இன்னும் எங்கன போற?" என்று பெத்தம்மாவைக் கேட்டேன். "சார் முடியலைன்னு சொல்லுதாரு" என்கிறாள்.

இப்போதைய பாடம் 'போர்க்காலத் தொழிற்சாலை'. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டுகிறார்கள். நீலத்தாள், பசை, மரச்சீவல் எல்லாம் வாத்தியாரின் அம்மா கோவில்பட்டிக் கம்பெனியில் ஒட்டித் தருவதாக எடுத்து வந்தது. மாமியார் வாங்குகிற வேலையை மருமகள் வரும்வரை மூன்றாம் வகுப்பு பார்க்கிறது. ஜவான்கள் பீடி பற்றவைக்கத் தீப்பெட்டி வேண்டுமாம்.

நீ அவரை அத்தான் என்று சொல்லச் சொன்னால் சொல்கிறேன். வாய் மட்டும் கொஞ்சம் கோணும்.

இப்படிக்கு,
சண்டை முடிந்தது தெரிந்த ஒரே ஆள், வேலு

பாளையங்கோட்டை,
28-12-71

வேலு,

நீ பார்த்ததா, கேட்டதா? கேட்டதை வைத்து ஒருவர் வாழ்க்கையில் விளையாடாதே. அது என் வாழ்க்கையும்தான். அவரிடமே கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை நீ குறும்பு எதுவும் செய்யக் கூடாது. இது அக்காவின் உத்தரவு.

செண்பகவல்லி

ஊசிமேடு,
3-1-72

அன்புள்ள அக்காவுக்கு,

உத்தரவு முந்தாநாள்தான் கிடைத்தது. குறும்பு அதற்கு முந்தின நாள். தபால்காரரைக் கோபித்துக்கொள்.

பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். கூடுகளை ஏற்றிப்போக அன்று கம்பெனி வண்டி வந்தது. ஒரு வாரம் ஒட்டிக் காயவைத்த கூடுகளை வகுப்புத் தரை முழுவதும் பரப்பி, நடுவில் பிள்ளைகளை உட்காரவைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் வாசலில் வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். விசில் மேஜைமேல் இருந்தது. ஜன்னல் வழியாகக் கை விட்டேன். எட்டியது. ஊதினேன்.

அத்தனை பிள்ளைகளும் கூடுகள்மேல் குப்புற விழுந்தார்கள். ஒரு கூடு மிஞ்சவில்லை.

வாத்தியார் உள்ளே ஓடி வந்து, "எந்திரிங்கலே, எந்திரிங்க" என்று கத்தினார். ஒருவரும் அசையவில்லை. தரையில் கிடந்தபடியே நம் பெத்தம்மா சொன்னாள்: "ரெண்டாவது விசில் இன்னும் ஊதலையே சார்." பிரம்பை எடுத்தார். அடி விழ விழ இன்னும் அழுத்திப் படுத்தார்கள். அவர் பாடம் நடத்தித் தேறிய பிள்ளைகள் அவ்வளவு பேரும். விசில் என் பாவாடை மடிப்பில் இருந்தது, எப்படி ஊதுவார்?

வண்டிக்காரர் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அய்யாவிடம், "உங்க பிள்ளைக்கு ஒழுக்கம் தெரியலை, அண்ணாச்சி" என்றார். எனக்கு நாலு அடி. பெத்தம்மா முதுகில் பிரம்புத் தடம் இருந்ததை அய்யா பார்த்தார், பார்த்துவிட்டு வாத்தியாருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்று நினைத்திருப்பார். நீயும் அதையேதான் நினைப்பாயா?

விசிலை இத்துடன் வைத்திருக்கிறேன். நீயே அவரிடம் கொடுத்துவிடு.

வேலுத்தாய்

பாளையங்கோட்டை,
10-1-72

அன்பு வேலுவுக்கு,

அவர் பதில் எழுதிவிட்டார். தீப்பெட்டி ஒட்டியதை மறைக்கவே இல்லை. பெருமையாக எழுதியிருக்கிறார். நான் பாஸ் பண்ணியதும் பள்ளிக்கூட மேனேஜரிடம் சொல்லி அங்கேயே இடம் வாங்கித் தருவாராம். "நாலாம் வகுப்பையும் அஞ்சாம் வகுப்பையும் நீ பார்த்துக்கொண்டால் நமக்கு எழுபது கை கூடும்" என்று ஒரு வரி. பிள்ளைகள் என்று எழுதவில்லை, வேலு. கை என்று எழுதியிருக்கிறார். நான் வேலைக்குப் போக வேண்டும் என்று அவர் ஏன் சொன்னார் என்பது எனக்கு இப்போது புரிந்தது.

அவருக்கு ஒரு கார்டு போட்டேன். "அந்த எழுபதோடு என் ரெண்டு கையும் சேராது, வேறு இடம் பாருங்கள். டாக்காவில் சண்டை முடிந்துவிட்டது, பேப்பர் வாங்கிப் படிக்கவும்" என்று எழுதினேன். அய்யாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். படிப்பை நிறுத்தச் சொல்லி அவர் வண்டியேறி வரலாம். வரட்டும், வகுப்பறையில்தான் இருப்பேன்.

விசிலை அவருக்குத் திருப்பி அனுப்பவில்லை. நேற்றுச் சாயங்காலம் விடுதி மாடியில் நின்று ஒரு தடவை பலமாக ஊதினேன். வார்டன் அம்மாவிடம் வசவு வாங்கினேன்.

பெத்தம்மாவிடம் சொல், ரெண்டாவது விசில் ஊதியாகிவிட்டது என்று.

அக்கா