இரண்டு தாளில் ஒரு கல்யாணம்

9 மே 1955, திங்கள். நாகர்கோவில்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வரும்போல் மூட்டம் போட்டு, வராமல் போனது. செருப்பு வார் அறுந்துவிட்டது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

பயிற்சி இன்று தொடக்கம், என் வீட்டு முன்னறையில். மாணவர் இருவர். எம்.ஏ. மனோதத்துவம், கடைசி வருடம். பத்மநாபன் இரணியல்காரன். கெட்டிக்காரன், ஆனால் எதிராளி வாய் திறக்குமுன் பதிலை எழுதிவிடுவான். லில்லி தக்கலை, போதகர் மகள். பேச்சு குறைவு. இனி ப., லி. என்றே எழுதுகிறேன், கை வலி.

வேலை இதுதான்: அறுபது தாண்டியவர்களைத் தேடிப் போய், அவர்கள் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுவது. முடிந்தால் ஏதாவது ஆறுதல். முப்பது கேள்விகள். திருவனந்தபுரத்தில் பேராசிரியர் தயாரித்தவை, தமிழில் எழுதியது நான். குழந்தைகளின் மனம் பற்றி எங்கள் நூலகத்தில் ஒரு அலமாரி நிறையப் புத்தகம். வயதானவர்களைப் பற்றி ஒன்றே ஒன்று.

ப. கேட்டான்: “வயசானவங்க மனசுல புதுசா என்ன டீச்சர் இருக்கும்?”

போய்ப் பார்க்கட்டும்.

கரும்பலகையில் எழுதிப்போட்டவை:
– அவர்கள் தரையில் என்றால் நாமும் தரையில்.
– வாக்கியத்தை அவர்களே முடிக்கட்டும்.
– தாளில் பெயர் கூடாது, எண் மட்டும். பெயர்கள் என் நோட்டில்.
– ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொல்லக் கூடாது.
– எதைக் கேட்டாலும் முகத்தில் காட்டக் கூடாது.

10 மே, செவ்வாய்

ஒத்திகை. நான் காது கேளாத கிழவியாக நடித்தேன். ப. கத்திக் கத்திக் கேட்டான். பக்கத்து வீட்டுக்காரி என்ன சண்டை என்று எட்டிப் பார்த்தாள். லி. எழுந்து வந்து என் வலது காதோரம் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். சொல்லிக் கொடுக்காமலே வந்தது.

ப. மூன்று தடவை முகத்தில் காட்டினான். திட்டினேன். நாளை முதல் வெளியே. அவன் தோவாளைப் பக்கம், அவள் தக்கலைக்கு அப்பால் குஷ்டரோக ஆஸ்பத்திரி. அங்கே குணமாகியும் வீடு திரும்பாதவர்களுக்கென்று ஒரு வரிசை வீடுகள். லி. பயப்படுவாளோ என்று கேட்டேன். “எங்க அப்பா கூட்டிட்டுப் போயிருக்காவ டீச்சர்” என்றாள்.

செருப்பு இன்னும் தைக்கவில்லை.

14 மே, சனி

மூன்று நாள் எழுதவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியாது. நடந்ததை நடந்தபடி.

மத்தியானம் இருவரும் தாள்களோடு வந்தார்கள். ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்து, எங்கே சரியாகக் கேட்டார்கள், எங்கே அவசரப்பட்டார்கள் என்று பார்ப்பது வழக்கம். பதினான்காம் கேள்வி ஞாபகசக்திக்கானது: உங்கள் கல்யாணத்தன்று நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்.

ப. தன் ஏழாம் தாளை வாசித்தான். பெண், அறுபத்து மூன்று, தோவாளை அருகே. கணவர் காலமாகி ஒன்பது வருடம். பதில்: “பந்தல்ல பாயசத்து உருளி சரிஞ்சு மாப்பிள காலு வெந்துபோச்சு. வாழையிலையைச் சுத்திக் கெட்டிக்கிட்டுல்லா தாலி கெட்டினாவ.”

சிரித்தோம். லி. மட்டும் சிரிக்கவில்லை. தன் கட்டைப் புரட்டிப் பதினோராம் தாளை எடுத்து நீட்டினாள். ஆண், எழுபது, ஆஸ்பத்திரி வரிசை. பதில்: “கொதிக்கப் பாயசம் காலுல கொட்டிட்டு. வாழையில சுத்திக்கிட்டு மணையில இருந்தேன். அன்னைக்கு உயிர் போற வலி. இப்பம் அந்தக் கால்ல தீக்கங்கு வச்சாலும் தெரியாது.”

நான் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தேன். அந்த அம்மாள் பெயர் பகவதி, கணவர் பெயர் தாணு. ஆஸ்பத்திரிக்காரர் பெயர் தாணு, மனைவி பகவதி. ஊர் ஒன்று. மகன் பெயரும் ஒன்று, கோலப்பன்.

இரண்டு பேருக்கும் நடுவில் பதினாறு மைல்கூட இருக்காது. இரண்டு பஸ்.

ப. எழுந்து நின்றான். “டீச்சர், அவிய வெள்ளைச் சேலையில இருக்காவ. நான் கண்ணால பாத்தேன்.”

நோட்டை மூடினேன்.

15 மே, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி.

ப. காலையிலேயே வந்துவிட்டான், இப்போதே தோவாளைக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று. “நம்மளை நம்பிச் சொன்னதை இன்னொருத்தர்ட்ட கொண்டுபோகப் பிடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. ஆனா இது அந்த மாதிரியா?”

லி.: “அந்த தாத்தாட்ட கேக்காம ஒண்ணும் செய்யப் பிடாது.”

பேராசிரியருக்குக் கடிதம். மூன்று தடவை எழுதிக் கிழித்து, நாலாவதைத் தபாலில் போட்டேன். அவர் பதில் எழுதினாலும் வர நாலு நாள் ஆகும். லி. சொன்னதுதான் சரி. நாளை நானும் போகிறேன்.

இரண்டு தாளையும் மறுபடி வாசித்தேன். மன நிம்மதி பற்றிய கேள்விகளில் தாணுவுக்குத்தான் எல்லாரையும்விட அதிக மதிப்பெண். லி. ஓரத்தில் குறித்திருக்கிறாள்: ‘நிம்மதிக்குக் காரணம் – நான் இருக்கேன்னு அவளுக்குத் தெரியும்.’ இந்த வரியை நேற்று எப்படி விட்டேன்.

16 மே, திங்கள்

தக்கலை. லி.யும் நானும் பஸ்ஸில் நின்றபடியே போனோம். லேசான தூறல்.

தாணு மெலிந்த மனிதர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கைகளை அதற்குள் வைத்திருந்தார். சல்போன் மாத்திரையில் நோய் அடங்கி, தொற்று இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்து இரண்டு வருடமாகிறது. வாசலில் மிளகாய்ச் செடி, அவர் வைத்தது. எனக்கு ஸ்டூல் போட்டார். நான் தரையில் உட்கார்ந்தேன். அவருக்குச் சங்கடம்.

சுற்றி வளைத்து வீட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் வளைக்காமல் சொன்னார்.

“நான் சீக்கோட இங்க வந்து சேந்த பெறவு மகளுக்குக் கல்யாண ஆலோசனை வந்துது. அப்பன் எங்கேன்னு மாப்பிள வீட்டுல கேப்பாவல்லா? கோலப்பன் இங்க வந்து, இந்தா இதே வாசல்ல நின்னு அழுதான். அப்பா, நீங்க இல்லேன்னு சொல்லிரட்டுமான்னு கேட்டான். சொல்லிக்கோ மக்கான்னேன்.”

“நீங்களே சம்மதிச்சீங்களா?”

“பிள்ளைக்குக் கல்யாணம் நடக்கண்டாமா? ஊருக்குச் சொல்லு, அம்மைட்ட மட்டும் உள்ளதைச் சொல்லிரு, அவ தாங்கிக்கிடுவான்னேன். செரின்னான். பாவம், வெளியில தாலியறுத்தவளா நடக்கா. மனசுக்குள்ள தெரியும்லா, நான் இருக்கேன்னு. வருசா வருசம் ஆவணியில முந்திரிக்கொத்து சுட்டுக் கோலப்பன்ட்ட குடுத்து விடுகா. அவ கைப்பாகம் எனக்குத் தெரியாதா?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் அவர் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

“டீச்சர். அவளுக்குத் தெரியாதா?”

லி. குனிந்துகொண்டாள். அவர் அவளையும் பார்த்தார். பிறகு மிளகாய்ச் செடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். “ஒண்ணுமில்ல. டீச்சருக்குக் குடிக்க வெள்ளம் குடுங்கோ” என்றார் தாணு.

முகத்தில் காட்டாதே என்று எழுதிப்போட்டவள் நான். ஒன்பது வருட நிம்மதியை ஒரு நொடியில் கெடுத்தவளும் நான்.

17 மே, செவ்வாய்

சரியான மழை. சமையலறையில் ஒழுகுகிறது. பாத்திரம் வைத்தேன்.

ப.வுக்கு நடந்ததைச் சொன்னேன், என் முகம் செய்ததையும் சேர்த்து. அவன் என்னைக் குறை சொல்வான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கரும்பலகையில் கடைசி வரியைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

மத்தியானம் லி. நனைந்தபடி தக்கலையிலிருந்து வந்தாள். தாணு நேற்று ராத்திரி சாப்பிடவில்லை. இன்று காலை நர்ஸ் கெஞ்சியபின் கஞ்சி குடித்தாராம். பிறகு லி.யிடம் சொன்னது, அவள் வார்த்தைக்கு வார்த்தை எழுதி வந்திருக்கிறாள்:

“டீச்சர் மேல வருத்தம் இல்ல. அவட்ட போய்ச் சொல்லச் சொல்லு. அவ வரணும்னு இல்ல. நான் உண்டுன்னு தெரிஞ்சா போரும். கோலப்பனை யாரும் ஏசப் பிடாது.”

பேராசிரியர் பதில் இன்னும் இல்லை. இனி காத்திருப்பதில் அர்த்தமில்லை.

18 மே, புதன்

தோவாளை. ப. கூட வந்தான். மழை விட்டு வெயில். பிச்சிப்பூ மூட்டைகளோடு பஸ்ஸில் நெருக்கம்.

பகவதி அம்மாள் முற்றத்தில் அவித்த நெல்லைக் காயப்போட்டுக் கம்போடு உட்கார்ந்து கோழி விரட்டிக்கொண்டிருந்தார். ப.வைக் கண்டதும் சிரிப்பு. “கேள்வி இன்னும் தீரல்லியா மக்களே?”

சொல்லும் விதத்தைப் பஸ்ஸில் எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “அம்மா, உங்க வீட்டுக்காரர் சாகல்ல. தக்கலை ஆஸ்பத்திரியில இருக்காவ. குணமாயிட்டு. அவிய சொல்லித்தான் வந்திருக்கேன்” என்றேன்.

கோழி ஒன்று நெல்லில் இறங்கிக் கொத்தியது. அம்மாள் விரட்டவில்லை. கொத்திக் கொத்தி வயிறு நிறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு ஒரே ஒரு கேள்வி. “கால்ல தழும்பு உண்டா?”

“உண்டு. பாயசம் கொட்டினது.”

அதற்குள் கோலப்பன் வயலிலிருந்து வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததுமே புரிந்திருக்க வேண்டும். மண்வெட்டியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

தாயார் சத்தம் போடவில்லை. “ஏலே, அப்பன் ஆஸ்பத்திரியில செத்துட்டாவ, அங்கயே அடக்கியாச்சுன்னு நீ வந்து சொன்ன அன்னைக்கு என் தாலியைக் கழத்தினாவல்லா. நீ பாத்துக்கிட்டுத்தான நின்ன?”

“அம்மா, உன்ட்ட உள்ளதைச் சொன்னா நீ பாக்கப் போவ. போனா ஊரறியும். தங்கச்சி கல்யாணம்...”

“போயிருப்பேன்.”

“அதான்.”

“கல்யாணம் முடிஞ்ச பெறவு சொல்லப் பிடாதா? அவளுக்கு ரெண்டு பிள்ளையாச்சே.”

கோலப்பன் மண்வெட்டிக் காம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அதுக்குப் பெறவு எப்படிச் சொல்லுகதுன்னு தெரியல்ல.”

நான் முந்திரிக்கொத்தைப் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். பகவதி அம்மாள்தான் பதில் சொன்னார். ஆவணியில் திவசம். படையலுக்கு அவருக்குப் பிடித்த முந்திரிக்கொத்து வருடா வருடம் சுடுவாராம். நாகர்கோவிலில் சிநேகிதனுக்கென்று மகன் ஒரு பொட்டலம் கட்டி எடுத்துப் போவானாம்.

சொல்லி முடித்ததும் அவருக்கே விளங்கியது. மகனைத் திரும்பிப் பார்த்தார்.

“அம்மை குடுத்தான்னு சொல்லித்தான் குடுத்தேன்” என்றார் கோலப்பன். “அதுல பொய் இல்ல.”

தன் திவசத்துப் படையலை ஒன்பது வருடம் தின்றிருக்கிறார் அந்த மனிதர், மனைவி நினைவாக.

கோலப்பன் மண்வெட்டியைப் பிடித்தபடியே உட்கார்ந்து அழுதார். ப. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் எழுதவில்லை. பயிற்சி என்று நான் நினைத்திருந்தது எதுவும் இதில் இல்லை.

பகவதி அம்மாள் எழுந்து நெல்லைக் கூட்டி அள்ளினார். உதவப் போனேன், விடவில்லை. “தக்கலைக்கு பஸ்ஸு எத்தனை மணிக்கு?”

19 மே, வியாழன். தக்கலை, ஆஸ்பத்திரி வராந்தா

இங்கேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

பத்து மணிக்கு வந்து சேர்ந்தோம். பகவதி அம்மாள், நான், லி. கோலப்பன் கேட் வரை வந்தார், உள்ளே வரவில்லை. தக்கலையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அம்மாள், “இம்புட்டுத்தானா தூரம்?” என்றார்.

தாணு பெஞ்சில் இருந்தார். லி. காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். சவரம் செய்திருந்தார். எழுந்து நின்றார். அம்மாள் நாலடி தள்ளி நின்றார். நாங்கள் விலகப் போனோம். “நில்லுங்கோ டீச்சர்” என்றார் தாணு, பயந்தவர்போல்.

அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“துண்டை எடுங்க” என்றார் அம்மாள்.

எடுத்தார். விரல்கள் பாதிதான். அம்மாள் குனிந்து நன்றாகப் பார்த்தார், அவசரமில்லாமல், இரண்டு கையையும். அழுவார் என்று நினைத்தேன். அவருக்கு வந்தது கோபம்.

“அவன் கேட்டான், நீங்க செரின்னுட்டியளோ?”

“பிள்ளைக்குக் கல்யாணம்...”

“நீங்க செத்துப்போனதுக்கு உங்கட்ட சம்மதம் கேட்டாப் போருமா? என்ட்டல்லா கேக்கணும். வெள்ளையுடுத்தது நீங்களா, நானா?”

தாணு தலை குனிந்து நின்றார். “உனக்குத் தெரியும்னுல்லா நினைச்சேன்” என்று மட்டும் சொன்னார். அம்மாள் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் தாணுவும் மறுமுனையில் உட்கார்ந்தார்.

லி. என் கையைப் பிடித்திருந்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன், முகத்தை மறைக்கவில்லை.

மத்தியானம் கஞ்சியும் பயறும். இருவரும் சாப்பிட்டார்கள், அவரவர் தட்டில். பிறகும் அம்மாள் ஏசிக்கொண்டிருந்தார். மிளகாய்ச் செடியை இவ்வளவு நெருக்கியா நடுவது என்று. அவர் ஒவ்வொன்றுக்கும் “செரி” என்றார்.

நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும் என்று லி. போய்ச் சொன்னாள். அம்மாள் கேட்டுக்கொண்டார். கேட்டில் கோலப்பன் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

ஹார்ன் சத்தம். பஸ் போய்விட்டது. அம்மாள் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை. நர்ஸிடம் ஒரு பாய் கேட்டு வரப் போகிறேன்.