பெருநாள் கோப்பைக்கு வந்த மாப்பிள்ளை

இஞ்சருங்கோ,

வகுப்பறை முழுக்க முறிவெண்ணெய் மணம். இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு அறைக்கு ஐந்தாறு குடும்பம் கிடக்கிறோம். ஈரச்சேலை, அடுப்புப் புகை, பிள்ளைகளின் மூத்திரம் என்று எத்தனையோ மணம். எல்லாவற்றையும் அமத்திக்கொண்டு இது நிற்கிறது. துணிச் சுருளால் வாயடைத்த ஒரு பழைய போத்தல் என் கால்மாட்டில் இருக்கிறது. கொண்டுவந்து வைத்தவர் உங்கள் அண்ணர் மனுவல். வீங்கிக் கிடந்த என் காலை ஒருதரம் பார்த்தார், போத்தலை வைத்தார், போய்விட்டார். அந்தப் பெருநாள் பந்தடிக்குப் பிறகு ஒரேயொரு தரம்தான் அவரோடு வாய் திறந்தேன். அதுவும் திட்டுவதற்கு.

இந்த மணம் மூக்கில் ஏறினால் எனக்கு உங்கள் வலது கால்தான் கண்ணில் நிற்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பு கோணலாகப் பொருந்திய மேடு. வருசக்கணக்காய் இந்த எண்ணெயைப் போட்டு அந்த மேட்டை உருவிய கை இது. அந்தக் காலை முறித்தவரே இன்றைக்கு எனக்கு எண்ணெய் கொண்டுவருகிறார். கோபம் வராமல் என்ன செய்யும்? அதுதான் உங்களோடு கதைக்க இருக்கிறேன்.

நம் கலியாணத்தன்று என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை. அதை நான் இன்னும் மறக்கவில்லை. கோயிலுக்குள் நீங்கள் வந்தபோது எங்கள் தீவின் கிழக்குக்கரை ஆம்பிளைகள் அத்தனை பேரும் உங்கள் காலைத்தான் பார்த்தார்கள். புதுச் சப்பாத்து கடித்துப்போடும் என்று பயந்து, பூசை முடிந்த கையோடு என் தமையன் சூசை உங்களைச் சப்பாத்தைக் கழற்ற வைத்தார். கலியாணப் படத்தில் நீங்கள் கோட்டும் வெறுங்காலுமாய் நின்றது அதனால்தான்.

கோயில் பெருநாள் கால்பந்துக் கோப்பைக்கு ஊர்க்காரன் மட்டும்தான் இறங்கலாம், வெளியாள் கூடாது என்பது சட்டம். ஆனால் எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டினால் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். வந்து இருந்துவிட்டால் அவன் அந்த ஊர்க்காரன். மேற்குக்கரையின் முதல்தர ஆட்டக்காரனைக் கிழக்குக்கரைக்குக் கொண்டுவர ஒரு பொம்பிளைதான் வழி. கிழக்குக்கரையின் தலைவர் சூசை. சூசைக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். கதை முடிந்தது.

"என்னைப் பாத்துக் கட்டினனீங்களோ, கோப்பையைப் பாத்தோ?" என்று முதல் கிழமையே கேட்டேன்.

"உம்மைப் பாத்துத்தான் வந்தனான். கோப்பை உம்மட அண்ணைக்கு," என்றீர்கள். நம்பினேனா என்று கேட்காதேயுங்கோ. சிரித்துக்கொண்டு சொன்னீர்கள், அதுதான் விட்டேன்.

எண்பத்தாறாம் ஆண்டு. கடலுக்குப் போனால் நேவி சுடும் என்று வள்ளங்களைக் கரையேற்றி வைத்திருந்த காலம். தொழில் இல்லாத ஆம்பிளைகளுக்குக் கோபத்தைக் கொட்ட இருந்த ஒரே இடம் கோயில் வெளிதான். போன பெருநாளில் உங்கள் மேற்குக்கரையிடம் வாங்கிய அடியைப் பற்றி எங்கள் வீட்டு முற்றத்தில் ஒவ்வொரு பின்னேரமும் பேச்சு நடக்கும். நீங்கள் வந்த பிறகு பேச்சு மாறியது. உங்களால் எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"மாப்பிள்ளை வந்ததால எங்களுக்கு ரெண்டு பக்கத்தாலையும் லாபம்," என்றார் சூசை. "போனமுறை எங்களுக்கு விழுந்த கோலெல்லாம் இவர் எடுத்துக் குடுத்த பந்து. அது இனி நிண்டுபோம். அதோட அந்தக் கோலெல்லாம் இனி அவங்களுக்கு விழும்."

நான் குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. கோயில் மதிலில் ஏறி நின்று எத்தனை பெருநாள் பார்த்தவள் நான்!

"அண்ணை, உங்கட கணக்குப் பிழை. இவர் பாதிதான்."

"என்னடி பாதி?"

"இவர் பந்தை எடுத்தால் திரும்பிப் பாக்கிறதில்லை, கவனிச்சனீங்களோ? பின்னுக்கு மனுவல் அண்ணை நிப்பார். கிட்ட வாறவன்ர முழங்காலை அவர் கவனிச்சுக்கொள்ளுவார். 'நீ போ, பின்னுக்கு நான் நிக்கிறன்' எண்டு அவர் கத்திறது மதிலடி வரைக்கும் கேக்கும். அந்தச் சத்தம் இல்லாமல் இவர் விளையாடி ஆர் பாத்தது? எங்கட பக்கத்தில ஆர் பின்னுக்கு நிக்கப்போறது?"

"அப்ப மனுவலுக்கும் இஞ்ச ஒரு பொம்பிளை பாப்பம்," என்றான் ஒருத்தன். முற்றமே சிரித்தது. நீங்களும்தான்.

சூசை சிரிக்கவில்லை. "மனுவல் எதிர்ப்பக்கம் நிக்கிறதுதான் எங்களுக்குப் பலம். கூடப்பிறந்தவனுக்குக் கால் நீட்டுவானோ? மாப்பிள்ளை போற பாதை திறந்து கிடக்கும்."

"ஓம், அண்ணை எனக்கு அடிக்கமாட்டார்," என்றீர்கள் நீங்களும்.

"அவர் அடிக்காட்டி அவற்ற ஊர் அவரை அடிக்கும்," என்றேன். ஒருத்தரும் காது குடுக்கவில்லை.

பந்தடி தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மணலில் இரத்தம் விழுந்தது. எங்கள் பெடியன் ஒருத்தன் முழங்கையால் இடிக்க, மேற்குக்கரைப் பெடியன் முன்பல்லைத் துப்பிவிட்டு ஓடினான். அடுத்த பந்துக்கு அவன் எங்கள் பெடியனின் வயிற்றில் ஏறி மிதித்தான். றெஃபறி விசிலை ஊதுவதை விட்டுவிட்டுத் தன் உயிரைப் பார்த்துக்கொண்டார். நீங்கள் மட்டும் எதிலும் படாமல் ஓடினீர்கள். பந்து உங்கள் காலுக்கு வந்தால் எங்கள் சப்பை ஆட்டக்காரனும் கெட்டிக்காரன் ஆனான். இடைவேளைக்கு முதல் நீங்கள் தள்ளிவிட்ட பந்தில் கோல் விழுந்தது. சூசை என்னைத் திரும்பிப் பார்த்து, "பாதியோ?" என்று கத்தினார். உங்கள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் முதுகு.

இடைவேளைக்குப் பிறகு மேற்குக்கரைச் சனம் உங்களை விட்டுவிட்டு உங்கள் அண்ணரைப் பிடித்துக்கொண்டது. "மனுவல், உனக்குத் தம்பியோ ஊரோ?" என்று ஒரு குரல். "நீயும் கிழக்கில பெண் எடு!" என்று இன்னொன்று. கடைசியில் ஒருத்தன் ஒரு பழஞ்சேலையைச் சுருட்டி அவர் மேல் எறிந்தான். அது அவர் தோளில் விழுந்து தொங்கியது. மனுவல் அதை எடுத்து மெதுவாகக் கீழே போட்டார். அந்த முகத்தை நான் மதிலில் இருந்து பார்த்தேன். இறங்கி ஓடிவந்து உங்களை இழுத்துக்கொண்டு போயிருக்க வேணும். பொம்பிளை வெளிக்குள் இறங்குகிறதா என்று நின்றுவிட்டேன்.

பந்து உங்களிடம் வந்தது. கோலுக்கு முதுகு காட்டி நின்று அதை நிறுத்தினீர்கள். பின்னால் அவர் வந்தார். நீங்கள் திரும்பவில்லை.

அந்தச் சத்தம், காய்ந்த ஓலைமட்டையை முறித்ததுபோல், மதில்வரை கேட்டது.

பிறகு நடந்தது பந்தடி இல்லை. வள்ளம் தள்ளும் சவள்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியாது. கல், சைக்கிள் செயின், கள்ளுப் போத்தல். என் வீட்டுக்கு வந்து சோறு தின்ற பெடியன் ஒருத்தன் விழுந்தவனின் தலையைப் பிடித்து நிலத்தில் அடித்துக்கொண்டிருந்தான். பங்குச் சுவாமி கைகளை விரித்துக்கொண்டு நடுவுக்கு வந்தார், அவருடைய வெள்ளை அங்கியும் சிவந்தது. சூசை கோல் கம்பத்தைப் பிடுங்கி மனுவலின் முகத்தில் போட்டார். காது கிழிந்து தொங்கியது, தாடை ஒரு பக்கம் போனது. மனுவல் கை ஓங்கவில்லை. உங்களுக்கு மேலே காலை அகட்டி வைத்துக்கொண்டு நின்று அவ்வளவு அடியையும் வாங்கினார்.

"அவர் எனக்கு மேல நிண்டிராட்டி சனம் என்னை மிதிச்சே சாகடிச்சிருக்கும்," என்று நீங்கள் பிறகு பாயில் கிடந்து சொன்னீர்கள்.

"முறிச்சவரே காவலும் நிண்டாராம்! நல்ல காவல்," என்றேன்.

"பின்னால வாறது அண்ணை எண்டு காலடியிலேயே தெரியும். அதுதான் நான் திரும்பேல்லை."

அதைச் சொன்னபோது உங்களுக்குக் கோபம் இருக்கவில்லை. எனக்குத்தான் இருந்தது, இரண்டு பேருக்கும் போதுமான அளவுக்கு. அந்த ஆள் இந்த வாசல் படலையைத் தாண்டினால் நான் கிணற்றுக்குள் விழுவேன் என்றேன். நீங்கள் அதற்குப் பிறகு அவர் பேச்சை எடுக்கவில்லை. அவ்வப்போது விடியப்புறம் எங்கள் படலையில் ஓலைப்பறியில் மீன் தொங்கும். ஆர் கட்டியது என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் அதைப் பூனைக்குப் போடுவேன், நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கோப்பை எவருக்கும் கொடுக்கப்படவில்லை. சுவாமி அதைக் கோயில் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

தொண்ணூறில் தீவை விட்டு ஓடினோம். ஆமி அடித்த செல் விழுந்து கோயில் கூரை போன பிறகு ஒருத்தரும் மற்றவரைப் பார்க்கவில்லை. பரவைக் கடலில் முழங்காலளவு தண்ணீர், அடியில் சேறு. அராலிக் கரைக்குப் போகும் வள்ளங்களைத் தேடி எல்லோரும் தண்ணீருக்குள் ஓடினார்கள். உங்களால் ஓட ஏலாது. கோணல் கால் சேற்றில் புதைந்து புதைந்து விழுந்தீர்கள். சூசை தன் பெண்சாதி பிள்ளைகளோடு முன்னுக்குப் போய்விட்டார். இப்போது பாரிசில் இருக்கிறார், நல்லாயிருக்கட்டும். அப்போதுதான் மேற்குப் பக்கமிருந்து ஒரு வள்ளம் வந்தது. கிழிந்த காதோடு உங்கள் அண்ணர்.

என்னைத் தூக்கி உள்ளே போட்டார். இன்னொரு ஆள் ஏறினால் வள்ளம் சேற்றில் தட்டிவிடும் என்று, உங்களை அதன் முன்புற அணியத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னார். உங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். "நீ போ, பின்னுக்கு நான் நிக்கிறன்." நாலு வருசத்துக்குப் பிறகு உங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம். நான் கண்ணால் கண்டேன். நீங்கள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹெலிகொப்டர் முன்னால் வந்தது.

தண்ணீர் வரிசையாய்த் தெறித்தது, பிறகு உங்கள் நெஞ்சு. பக்கத்து வள்ளத்தில் ஒரு தாய், கையில் இருந்த பிள்ளை போனது தெரியாமல் அதைத் தாலாட்டிக்கொண்டிருந்தாள். கடல் சிவப்பாகிக் கலங்கிக் கிடந்தது. மனுவல் உங்களைத் தூக்கி என் மடியில் கிடத்தினார். "நான் பின்னுக்குத்தானே நிண்டனான்," என்றார். "பின்னுக்குத்தானே நிண்டனான். அது முன்னால வந்திட்டுது." திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

"கால் இருந்தால் ஓடித் தப்பியிருப்பார்! நீர்தான் அவரைச் சாகடிச்சனீர்!" என்று அவர் முகத்தில் அறைந்தேன். நீர் என்று சொன்னேன், மரியாதை எல்லாம் போய். அவர் முகத்தை விலக்கவில்லை. உங்களை அராலிக் கரையில் தாட்டோம். குழி வெட்டியது அவர்தான்.

அதற்குப் பிறகு நான் இருந்த ஒவ்வொரு இடத்துக்கும் நாலு வீடு தள்ளி அவர் இருந்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். இந்தத் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில், ஆமி வருகிறது என்று சனம் முழுக்க ஊரை விட்டு நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தடியில், மழைக்குள், ஒருவர் மேல் ஒருவர் ஏறி நசிந்தார்கள். விழுந்த ஒரு கிழவரை மிதித்துக்கொண்டு போனார்கள், நானும் மிதித்தேனோ தெரியாது. என் கால் பிரண்டது. நானும் விழுந்திருப்பேன். பின்னால் ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, முதுகில் இடியும் சைக்கிளும் பெட்டியும் வாங்கிக்கொண்டு வந்தார். என் காதுக்குக் கிட்ட, பல் போன வாயால், ஒரு குரல்.

"நீ போ பிள்ளை, பின்னுக்கு நான் நிக்கிறன்."

நான் திரும்பவில்லை. பாலம் முடியும்வரை திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்று இவ்வளவு நேரமாய் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் காலை முறித்ததற்கு மன்னிப்பு என்று ஒன்று என்னிடம் இல்லை, இருந்தால் அதை நீங்கள்தான் குடுக்க வேணும், நீங்களோ அன்றைக்கே குடுத்துவிட்டீர்கள். ஆனால் முற்றத்தில் சூசைக்கு நான் சொன்ன கணக்குச் சரி. எங்களுக்கு வந்தது பாதிதான். மற்றப் பாதியை நான்தான் படலைக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தேன்.

போத்தலைத் திறந்து காலில் எண்ணெய் தடவினேன். கடுக்கிறது. பிறகு யன்னலால் எட்டிப் பார்த்தேன். கிணற்றடியில் ஆருக்கோ தண்ணீர் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மனுவல் அண்ணை."

கயிறு அவர் கையில் அப்படியே நின்றது.

"தேத்தண்ணி வச்சனான். வந்து குடிச்சிட்டுப் போங்கோ."

"ஓம் பிள்ளை," என்றார்.

இப்போது எனக்குப் பின்னால், வாசற்படியில் இருந்து குடிக்கிறார். உறிஞ்சும் சத்தம் கேட்கிறது. நான் சுவரைப் பார்த்தபடி உங்களுக்கு எழுதுகிறேன், திரும்பிப் பார்க்கவில்லை.