பின்வாசலால் வந்த மீன்

மாம்புரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் நெவிலுக்கு,

ஆண்டவரின் இரக்கத்தால் இங்கே நானும் தங்கையும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் மருமகளும் அந்த இத்தாலிக் குளிரில் சுகமாயிருக்க வேண்டுமென்று ஒவ்வொரு செபமாலையிலும் கேட்கிறேன். தொலைபேசியில் சொல்ல வாய் வராத விஷயம் ஒன்று இருப்பதால் எழுதுகிறேன். புதன்கிழமை அங்கே பறக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையில் இதைக் கொடுத்துவிடுவேன்.

உன் தங்கை ஜசிந்தாவின் ஆஸ்பத்திரியில் வேலைநிறுத்தம் தொடங்கி இன்றைக்கு ஒன்பது நாள். வைத்தியர்களுக்குக் கூட்டிய கொடுப்பனவில் ஒரு பங்காவது தாதிமாருக்கும் சிற்றூழியருக்கும் தரவேண்டும் என்பதுதான் கோரிக்கை. பிரசவ அறையும் பிள்ளைகள் வார்ட்டும் நடக்கின்றன, கிளினிக் பூட்டு. சண்டைக் காலத்தில்கூட லீவு எடுக்கத் தயங்கியவள் இப்போது ஆஸ்பத்திரி கேற்றடியில் வெயிலில் நின்று முகம் கறுத்து வருகிறாள். நீ நினைப்பதுபோல அது பிடிவாதம் இல்லை மகன். இருபத்திரண்டு வருடம் தாதியாக வேலை செய்த பிறகும் ஓவர்டைம் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் மாதம் முடிவதில்லை. கிளைச் சங்கத்தின் செயலாளர் அவள்தான் என்பதால் பேச்சுவார்த்தைக்கும் அவளே போகிறாள்.

வியாழக்கிழமை மாகாண சுகாதாரத் திணைக்களத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பேச்சு நன்றாகத்தான் தொடங்கியதாம். பிறகு அவர் பெயரில்லாத ஒரு புகார்ப் பெட்டிசத்தை மேசையில் வைத்து, உங்கள் செயலாளரின் வீட்டுக்கு நோயாளிகள் மீன் கொண்டுபோகிறார்களாமே, இதற்குமேல் என்ன கொடுப்பனவு என்று சிரித்திருக்கிறார். ஜசிந்தா எழுந்து நின்று, எங்கள் வீட்டுக்கு ஒரு நெத்தலியும் அப்படி வந்ததில்லை என்று எல்லோருக்கும் முன்னால் சத்தியம் பண்ணியிருக்கிறாள்.

வந்தது மகன். நான்தான் வாங்கினேன். தூண்டில் முள் ஏறிச் சீழ் பிடித்த படகுக்கார இன்னாசிப்பிள்ளையின் கைக்கு அவள் வார்ட்டில் கட்டுப்போட்டாள், கை ஆறியதும் அவன் பாரைமீனோடு வந்தான். இரண்டு முறை அவள் திருப்பி அனுப்பினாள். மூன்றாம் முறை அவள் டியூட்டியில் இருந்தாள், மனமுவந்து தருவதை மறுப்பது மரியாதையில்லை என்று நான் வாங்கிவிட்டேன். அதன் பிறகு அவனும் வேறு இரண்டு படகுக்காரரும் பின்வாசலால் தந்துகொண்டே இருந்தார்கள். கடற்கரை மீன்வாடியில் வாங்கினேன் என்று சொல்லித்தான் அவளுக்குச் சமைத்துப் போட்டேன். பொய் சொன்னால் கன்னியாஸ்திரிகளின் முன்னால் முழங்காலில் நின்று வளர்ந்தவள் நான்.

அந்த வியாழக்கிழமை அவள் வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். சொன்னேன். சட்டை மாற்றாமல் கதிரையில் இருந்தபடி, அண்ணனுக்குச் சொல்லுங்கோ அம்மா, விசாக் கடதாசி அனுப்பட்டும், நான் இத்தாலிக்கு வாறன் என்றாள். நீ இரண்டு வருடமாகக் கேட்ட பதில் அது. எனக்குத்தான் கேட்கப் பொறுக்கவில்லை.

இன்று பூசை முடிந்து இன்னாசிப்பிள்ளையைப் பிடித்து, நடந்ததை எழுதித் தருகிறேன், நீயும் கையெழுத்து வை என்றேன். ஒரு கறி மீனுக்குப் போய்க் கோடு கச்சேரியெண்டு வழக்கு வைக்கிறீங்களே அக்கா என்று சிரித்தான். பிறகு, மீனும் தாறம், பிறகேன் இவங்களுக்குச் சம்பளம் கூட்டோணும் எண்டுதானே ஊரும் கதைக்குது என்றான். அவன் பகைக்குச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னான். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு விளங்கியது. ஜசிந்தாவின் உழைப்புக்கு விலை வைத்தது அந்த அதிகாரி மட்டுமில்லை, நானுந்தான். கடைசியில் கையெழுத்து வைத்தான்.

நாளை பத்து மணிக்குத் திரும்பவும் பேச்சு. நான் போய், வாங்கியது நான், மறைத்ததும் நான், என் மகளுக்குத் தெரியாது என்று அந்த மேசையில் சொல்லப் போகிறேன். ஜசிந்தாவோடு வேலை செய்யும் சிற்றூழியர் உம்மு குல்தூம் தன் ஓட்டோவில் கூட்டிப்போவதாகச் சொன்னாள், நீங்க சொல்லுங்கம்மா, பக்கத்துல நான் நிக்கிறன், பெரிய மனிசர் எண்டா என்ன, நாங்க தூக்கிற பெட்பேன் அவருக்கும் ஒருநாள் தேவைப்படும் என்றாள். எழுபத்தாறு வயதில் நாலு பேர் முன்னால் இப்படி நிற்பது எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

அந்தக் கடதாசிகளை இப்போதைக்கு அனுப்பாதே. சம்பளம் கூடினாலும் கூடாவிட்டாலும், பிறகு அவள் வர விரும்பினால் நானே பெட்டி கட்டிக் கொடுப்பேன். என் பொய்க்கு வெட்கப்பட்டு அவள் இந்த ஊரைவிட்டுப் போகக்கூடாது.

இது பற்றி அவளிடம் நீயாக எதுவும் கேட்காதே. நெஞ்சுச் சளியை அசட்டை பண்ணாமல் மருந்தை எடு. நம் ஆண்டவரும் தலவிலப் புனித அன்னம்மாளும் உங்கள் இருவரையும் காப்பார்களாக.

உன்னை ஆசீர்வதிக்கும் அம்மா,
மக்தலேனா