அம்மாவின் கல்வெட்டு

2024 ஜூன் 12, புதன்

அம்மா போய்ப் பதினான்கு நாள். சாவுத் துடக்கு கழியுமுன்னமே பள்ளிக்கூட ஆலோசனை ஆசிரியர்களின் பயிற்சிக்குப் போனேன். இன்று நார்சிசிசம். தன்னைச் சுற்றியே எல்லாம் நடக்க வேண்டும் என்கிற ஆளுமைக் கோளாறு. ஒரு வகை மேளம் அடித்துப் பெருமை பேசுமாம். இன்னொரு வகை மூலையில் இருந்து அழுமாம். "ரெண்டுக்கும் பசி ஒண்டுதான், எல்லாரும் என்னைப் பாக்கவேணும். ஆனா அவசரப்பட்டு ஆருக்கும் பேர் வையாதேங்கோ," என்றார் பயிற்சி தந்த வைத்தியர். முதல் வகையைக் கேட்டதுமே கனடாவிலிருக்கும் அண்ணை நினைவுக்கு வந்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டாவதை நான் எழுதிக்கொள்ளவே இல்லை.

ஜூன் 14

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கு, கல்வெட்டுக்கு, அம்மாவின் வரலாறு எழுத வேண்டும். "நான் எழுதி அனுப்புறன். என்ரை படம் முன்பக்கத்திலை வரட்டும்," என்கிறார் அண்ணை. விட்டால் அம்மாவின் புத்தகத்தில் அவர் புராணம்தான் இருக்கும். எழுதும் பொறுப்பைத் தங்கை கோபிகாவிடம் கொடுத்துவிட்டேன். கொக்குவிலிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். "நான் ஒண்டுக்கும் உதவாதவள் அக்கா. இதையெண்டாலும் அம்மாவுக்குச் செய்யவிடு." பாவம்.

ஜூன் 27

கல்வெட்டு அச்சாகி வந்துவிட்டதாம். கோபிகா காட்டவில்லை. "அந்தியேட்டியண்டைக்குப் பாரன் அக்கா."

ஜூன் 29

கீரிமலையில் காரியம் முடிந்து, மத்தியானச் சாப்பாட்டோடு கல்வெட்டும் கொடுத்தார்கள். 'படுக்கையில் கிடந்த ஆறு ஆண்டுகளும் இளைய மகள் கோபிகாவே தாய்க்குத் தாயானாள். தன் உடல்நலமும் பாராது...'

ஆறு வருசம்! பீ மூத்திரம் அள்ளினது நான். படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்டினது நான். அவள் மாதத்துக்கு ஒருக்கால் வந்து, அம்மாவின்ரை கட்டிலிலை இருந்து தன்ரை தலையிடியைச் சொல்லி அழுதிட்டுப் போவாள்.

என் பெயர் பிள்ளைகள் பட்டியலில் மட்டும் இருக்கிறது. அவள் அம்மாவுக்குக் கஞ்சி பருக்கும் படம் முழுப்பக்கம். அதை எடுத்ததே நான். அவள் பருக்கியது அந்த ஒரு நாள்தான்.

ஜூலை 1

கோபிகாவிடம் கேட்டேன். அழுதாள். "நான் செத்தாத்தான் உனக்கு நிம்மதி."

பின்னேரத்துக்குள் எங்கள் ஊர் பண்டத்தரிப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அருமைநாயகி மாமி வேலிக்கு அங்காலிருந்து கேட்கிறார்: "செத்த வீட்டிலை பேருக்குச் சண்டை பிடிக்கலாமே பிள்ளை? அவள் சாப்பிடாமல் கிடக்கிறாளாம்."

இப்போது கொடியவள் நான்தான். அண்ணை பெருமை பேசுவார், தெரியும், காதைப் பொத்திக்கொள்ளலாம். இவளை முப்பது வருசம் தூக்கிச் சுமந்தேனே — ஏன் எனக்குத் தெரியவில்லை? ஆலோசனை ஆசிரியையாம்! பயிற்சிக் கொப்பியைத் திறந்து பார்த்தேன். இரண்டாம் வகைக்கு நேரே வெற்றிடம். கோளாறு என்று பேர் வைக்க நான் வைத்தியர் இல்லை. எனக்குச் செய்தது துரோகம், அது எனக்குத் தெரியும்.

செப்டெம்பர் 18, புதன்

கோபிகா போன் எடுத்தாள். வழக்கமான அழுகை, தனக்கு ஆருமில்லை என்று. முன்பென்றால் போட்டது போட்டபடி பஸ் ஏறியிருப்பேன். போனை மேசையில் வைத்துவிட்டுச் சோறு போட்டுக்கொண்டேன். பக்கத்தில் கல்வெட்டு விரிந்து கிடந்தது. படத்தில் அம்மா கரண்டியைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை. படம் எடுத்துக்கொண்டு நின்ற என்னைத்தான் பார்க்கிறார்.

"அக்கா, லைனிலை நிக்கிறியே?"

"ஓம், சொல்லு," என்றேன். குழம்புக்கு உப்புக் கொஞ்சம் குறைவு.