நிழல் விழுந்த பக்கம்

மார்ச் 2

அன்புள்ள என் அளவுகாரருக்கு,

நலம். கல்லூரியில் பாடம் நடத்தி நடத்தித் தொண்டை கட்டிக்கொண்டதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

ஒரு சந்தோஷச் செய்தி, கூடவே ஒரு வேலை. டிசம்பர் விடுமுறையில் வந்தபோது முடித்தேனே, மாடி அறையில் இருக்கும் பெரிய படம், அது கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டது. உப்பு வெளி, அதற்குமேல் தலைகீழாகத் தொங்கும் ஏரி, சுவரே இல்லாமல் நிற்கும் கதவு, இடது மூலையில் சிவப்பு நாற்காலி. "இது எந்த ஊரு? வரைபடத்துல காணோமே" என்று கேட்டீர்களே, அதேதான். இருபத்தைந்தாம் தேதி வண்டி வரும். தூசி தட்டி, சட்டம் போட்டு அனுப்பிவையுங்கள்.

படியேறச் சோம்பல்படும் உங்களுக்கு மாடிவேலை வைத்த,
உங்கள் மனைவி

மார்ச் 9

என் பிடிவாதக்காரிக்கு,

தூசி தட்டியாயிற்று. சட்டமும் போட்டாயிற்று. கூடுதலாக ஒரு காரியமும் செய்தேன். திட்டாதே.

அக்கா வந்திருந்தாள். படத்தைப் பார்த்தவள், "ஏன்டா தம்பி, சூரியன் கதவுக்குப் பின்னாடி இருக்கு. நாற்காலியோட நிழலும் அந்தப் பக்கமே போகுதே! உன் பொண்டாட்டி அவசரத்துல கவனிக்கலையோ?" என்றாள். முப்பது வருஷமாக வெயிலில் நின்று நிலம் அளப்பவன் நான். நிழலைப் பார்த்தே மணி சொல்வேன். கை சும்மா இருக்குமா? வரைபடங்களுக்குப் பூசும் போஸ்டர் கலரை எடுத்துப் பழைய நிழலை மறைத்துவிட்டு, சூரியனுக்கு எதிர்ப்பக்கம் புதிதாக ஒன்று போட்டுவிட்டேன். ஸ்கேல் வைத்துப் போட்டதால் கோணம் சுத்தமாக வந்திருக்கிறது. புகைப்படம் இத்துடன் உள்ளது.

தொங்கும் ஏரி நம் மாடித் தொட்டிதானே? ஒழுகலை அடைத்துவிட்டேன். கவலைப்படாதே.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 14

அளவுகாரரே,

புகைப்படத்தைப் பார்த்தேன். என்ன காரியம் செய்துவிட்டீர்கள்!

அது தப்பில்லை ஐயா, தெரிந்தே போட்டது! கனவில் வரும் நிழல் சூரியனிடம் அனுமதி கேட்குமா? பார்ப்பவர் கண் முதலில் சிவப்பில் போய் நிற்கும். அங்கிருந்து நிழலைப் பிடித்துக்கொண்டு குறுக்காக ஏறிக் கதவுக்குப் போகும். முழுப் படமும் அந்த ஒரு கோட்டில்தான் நிற்கிறது. உங்கள் நிழல் கண்ணைப் பிடித்துச் சட்டத்துக்கு வெளியே தள்ளுகிறது. மீதிப் படம் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

அர்த்தமும் போயிற்று. இனி மறைத்துப் பயனில்லை, சொல்லிவிடுகிறேன். நாற்காலி நம் வீடு. கதவு இந்தக் கல்லூரி. ஒரு வருஷத்துக்கென்று வந்தவளை நிரந்தரமாக இருந்துவிடச் சொல்கிறார்கள். டிசம்பரிலேயே முதல்வர் கேட்டுவிட்டார். இந்த மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தேன். தலைக்கு மேல் ஏரி தொங்குவது அதனால்தான், தொட்டியால் இல்லை. நாற்காலியை விட்டுக் கதவுக்குப் போகும் நிழல் நான்.

நல்லவேளை, காய்ந்த எண்ணெய் வண்ணத்தின்மேல் போஸ்டர் கலர் நிற்காது. ஈரப் பஞ்சால் மெதுவாக ஒற்றி எடுங்கள்.

கோபத்தோடு, ஆனாலும்
உங்கள் மனைவி

மார்ச் 18

அன்புள்ளவளே,

துடைத்துவிட்டேன். ஒரு கட்டுப் பஞ்சு தீர்ந்தது. உன் நிழலுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். சூரியன் வெறும் சாக்கு. உன் நிரந்தர வேலை பற்றிய கல்லூரிக் கடிதம் ஏழாம் தேதியே வீட்டு விலாசத்துக்கு வந்தது. பிரித்துப் படித்துவிட்டேன். தப்புதான். படித்துவிட்டு மாடியில் போய் அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்தேன். அளவுகாரனுக்குப் படம் புரியாது என்று நீ நினைக்கிறாய். கதவு எது, அதை நோக்கிப் போவது யார் என்று அன்றைக்கே புரிந்துவிட்டது. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் அக்கா அப்படிச் சொன்னதும் தூரிகையை எடுத்துவிட்டேன்.

துடைக்கும்போது வெட்கமாக இருந்தது. நீ ஆசைப்பட்ட வேலை. இருந்துகொள். எனக்குச் சரி. கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 23

என் அன்பானவருக்கு,

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். மாடியை ஓவிய அறையாக்கட்டுமா என்றேன். சரி என்றீர்கள். ஒரு வருஷம் வெளியூரில் இருக்கட்டுமா என்றேன். அதற்கும் சரி. நான் இருந்தாலும் போனாலும் உங்களுக்கு ஒன்றுதான் என்று நினைத்துத்தான் அந்தக் கதவை அவ்வளவு பெரிதாக வரைந்தேன்.

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் வைத்துப் படித்தேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சிற்ப ஆசிரியை பயந்துபோய், "என்னாச்சும்மா?" என்றார்.

"என் படத்தை எங்க வீட்டுக்காரர் கெடுத்துட்டாருங்க."

"அதுக்கா இவ்வளவு சந்தோஷம்?"

ஆமாம், அதற்குத்தான். நான் போகக்கூடாது என்று நீங்களும் நினைத்தீர்களே!

வேலையை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன். எனக்குப் பிடித்திருக்கிறது, விட மனசில்லை. உங்களையும் விட மனசில்லை. இங்கே நில அளவை அலுவலகத்தில் போய் விசாரித்தேன். ஓர் இடம் காலியாக இருக்கிறது. மாற்றலுக்கு எழுதிப் போட்டு என்னோடு வந்து இருப்பீர்களா?

நன்றாக யோசியுங்கள். அக்காவிடம் கேளுங்கள். பிடிக்காவிட்டால் நாலு பக்கத்துக்குச் சண்டை போடுங்கள், நானும் நாலு பக்கம் எழுதுகிறேன். தயவுசெய்து சரி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் பதிலுக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் பிடிவாதக்காரி