வெனிஸ் கோயிலின் மூன்று கொடிமரங்கள்

சம்பந்தியம்மா,

பீரோவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. அடித்தட்டில் அந்தக் குங்குமக் கலர் ஸ்வெட்டர். விமானம் ஏறும் முன் வண்ணாரப்பேட்டையில் ஒரே கடையில் நீங்களும் நானும் வாங்கினோமே, அதுதான். இரண்டும் ஒரே கலர் என்பதால் என் மகன் நம்மைப் பார்த்து, "இன்னாம்மா, பேண்டு வாசிக்கப் போறீங்களா?" என்று கேட்டான். ராயபுரத்தில் ஸ்வெட்டருக்கு ஏது வேலை? இன்று அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எழுத வராது என்று உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல, என் மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள்.

என் மகனும் உங்கள் மகளும் ஜெர்மனியிலிருந்து, "ரெண்டு அம்மாவும் ஒண்ணா வாங்க, ஊர் ஊரா சுத்திக் காட்டறோம்" என்று கூப்பிட்டபோது எனக்குத் தயக்கம்தான். நீங்கள் தூத்துக்குடி வியாபாரக் குடும்பம், காலேஜ் படித்தவர். நான் காசிமேட்டில் மீன் விற்றவள். கல்யாணத்தன்று பேசியது, பிறகு பண்டிகைக்குப் பண்டிகை "சௌக்கியமா?" என்பதோடு சரி. உங்களோடு ஒரு மாதம் எப்படிக் கழியும் என்று பயந்தேன்.

மகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "நைனா, வேற எத்த காட்டுனாலும் காட்டாட்டியும், ரோமாபுரில ராயப்பர் கோயிலுக்கு மட்டும் என்னை இட்டுகினு போயிடு."

இயேசு கூப்பிடும் வரை ராயப்பரும் வலை போட்டவர்தானே. என் வீட்டுக்காரர் அவர் பெயரைச் சொல்லாமல் படகில் கால் வைத்ததில்லை. அப்படிச் சொல்லிவிட்டுப் போன ஒரு நாள் திரும்பவில்லை. கடலே வைத்துக்கொண்டது. கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுவர்த்தி ஏற்றும்போது, எனக்குத் தொட்டு அழ ஒரு கல் கிடையாது. அதனால்தான் ராயப்பர் காலைத் தொட்டு என் வீட்டுக்காரர் பெயரை ஒரு தடவை சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

உங்களைப் பற்றிய என் பயமெல்லாம் அங்கே பார்த்த மூன்றாவது அரண்மனையில் போய்விட்டது. தங்கக் கூரை, அதற்குள் இன்னொரு தங்கக் கூரை, நமக்கோ முட்டிவலி. நீங்கள் என் காதோரம் குனிந்து, "ஏன் சம்பந்தி, இந்த ராசாமாருக்கு வேற சோலியே கெடையாதா? வீட்டக் கெட்டிக்கிட்டே இருந்திருக்கான்" என்றீர்கள். நான் சிரித்த சிரிப்பில் காவல்காரர் திரும்பிப் பார்த்தார். அன்று மத்தியானம் அந்த அரண்மனைப் புல்வெளியில் உட்கார்ந்து, உங்கள் எலுமிச்சைச் சோற்றுக்கு என் நெத்திலிக் கருவாட்டு வறுவலைத் தொட்டுக்கொண்டோம். பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். "போட்டும், காத்தாவது வரும்" என்றீர்கள்.

பிறகு வெனிஸ். வீட்டு வாசலில் தண்ணீர், தெருவில் படகு. "மழ பேஞ்சா நம்ம ஏரியாவே இப்டித்தான் கீது, இதுக்கு இம்மாந்தூரமா?" என்று நான் கேட்டேன். அங்கே ஒரு மீன் மார்க்கெட். கடம்பா மீனை ஒருவர் என்ன அழகாக ஆய்ந்தார். என் கை பழகிய வேலை, நின்று பார்த்துவிட்டேன். திரும்பினால் உங்களில் ஒருவரும் இல்லை. சந்துக்குள் சந்து. கையில் போன் இல்லை, தங்கிய இடத்தின் பெயரும் தெரியாது.

நம் பக்கத்தில் தேர்த் திருவிழாவுக்குப் புறப்படும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவோம், ஆள் பிரிந்துபோனால் தேடி அலையாதே, கோயில் கொடிமரத்தடியில் வந்து நில் என்று. காலையில் பார்த்த பெரிய கோயிலின் வாசலில் கொடிமரம் இருந்தது ஞாபகம் வந்தது. கூட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அங்கேதான் பெரிய கோயில் இருக்கும் என்று அதன் பின்னாலேயே நடந்தேன். போய்ப் பார்த்தால் ஒன்றுக்கு மூன்று கொடிமரம். நடுவில் இருந்ததைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் நேராக அதற்கே வந்தீர்கள்.

"எம்புட்டு நேரமா நிக்கிய, சம்பந்தி?"

"நீங்க வருவீங்கன்னு தெரியும். அதான் அழுவாம நின்னுகினு கீறேன்."

"நானும் மாதா கோயில் தேர் பாத்து வளந்தவதான" என்று சொல்லி என் முகத்தை உங்கள் முந்தானையால் துடைத்தீர்கள்.

பிள்ளைகள் இரண்டு பேரும் மார்க்கெட், படகுத்துறை, போலீஸ் என்று அலைந்து ஓய்ந்து வந்தார்கள். பயம்தான் என் மகனுக்குக் கோபமாக வந்தது. "ரோம்ல இத்தவிட கூட்டம்மா. நீ வர வேணாம், ரூம்லயே குந்திகினு இரு. பேஜாரு பண்ணாத" என்றான். அவன் கூட்டி வந்த ஊர், அவன் செலவு. எந்த வாயால் மறுப்பேன்?

நீங்கள் பேசினீர்கள். மாப்பிள்ளையிடம் ஒரு சொல் கூட்டிப் பேசாதவர், குரலை உயர்த்தாமலே சொன்னீர்கள். "மாப்பிள, தொலைஞ்சது அவிய இல்ல. கொடிமரத்துக்கு வராம ஊரெல்லாம் சுத்துனது நீங்க ரெண்டு பேரும்தான். அவியள ரூம்ல வச்சா என்னையும் வச்சுப் பூட்டிருங்க. ராயப்பர நீங்க மட்டும் போய்ப் பாத்துட்டு வாங்க."

உங்கள் மகள்தான் முதலில் சிரித்தாள். என் மகன் தலையைச் சொறிந்தான்.

ரோமில் வரிசை பாம்பு போல வளைந்தது. உங்கள் முந்தானையையும் என் முந்தானையையும் சேர்த்து ஊக்கு குத்தினீர்கள். "பொண்ணு யாரு, மாப்பிள யாருன்னு கேக்கப்போறாங்க" என்றீர்கள். அப்படியே உள்ளே போனோம். எத்தனை தலைமுறைக் கைகளோ, வெண்கல ராயப்பரின் கால் விரல்கள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. கை வைத்தேன். என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன். அத்தனை வருஷமும் வராத அழுகை வந்தது. பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். நீங்கள் அகலமாக நின்றுகொண்டு, "இன்னொரு தரம் தொட்டுக்கிடுங்க சம்பந்தி, நான் மறைச்சுக்கிடுதேன்" என்றீர்கள்.

இரண்டாவது தடவை தொட்டேனே, அப்போது யார் பெயரைச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உங்கள் பெயரைத்தான் சொன்னேன். பக்கத்தில் உயிரோடு நிற்பவருக்கு என்ன கேட்பது என்று தெரியாமல், பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கையை எடுத்தேன்.

தினமும் ஜெபத்தில் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கிறேன். அவர் பெயரைச் சொன்னால் இப்போதும் கண் கலங்குகிறது. உங்கள் பெயர் வரும்போது மட்டும், மன்னித்துக்கொள்ளுங்கள் சம்பந்தி, சிரிப்பு வந்துவிடுகிறது.